இத்தனை காலம் இந்தப் படம் எங்கே இருந்தது? அதிகம் அறியப்படாத உலகப் படங்களைத் தேடும் வழி குறித்து

மூன்றாம்வரிசை எழுதியது:

பெர்க்மன், குரோசாவா, தார்க்கோவ்ஸ்கி, கியரோஸ்தமி என்று எல்லோரும் அறிந்த இயக்குநர்களைப் பார்த்து முடித்த ஒருவர் இங்கே வந்து ‘இனி எதைப் பார்ப்பது’ என்று கேட்கும்போதெல்லாம், நாம் ஐம்பது பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நானும் அவ்வாறு கொடுத்தவன்தான். அந்தப் பட்டியலில் பத்தாவது படத்தைத் தாண்டிய எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எந்த உறவும் இல்லாதபோது, தொடர்ந்து போவதற்குப் பார்ப்பவருக்கு ஒரு காரணமும் இருப்பதில்லை.

சில ஆண்டுகளாக நான் வேறொரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். ஒரு படம் மனத்தில் தங்கிவிட்டால், இவ்வளவு நல்ல படம் இத்தனை காலம் என் கண்ணில் படாமல் எங்கே இருந்தது என்று விசாரிக்கிறேன். பெரும்பாலும் அந்த விசாரணையே அடுத்த படத்தின் வாசலில் என்னைக் கொண்டுபோய் விடுகிறது.

முகமது ரெசா அஸ்லானி ஈரானில் 1976இல் எடுத்த ‘ஷத்ரஞ்சே பாத்’, அதாவது ‘காற்றின் சதுரங்கம்’ என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். ஈரானைக் கஜார் மன்னர்கள் ஆண்ட காலத்து மாளிகை ஒன்றில், நடக்க இயலாத ஒரு பெண்ணைச் சுற்றிச் சொத்துக்காக நடக்கும் சூழ்ச்சிகளே கதை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முகங்கள் மட்டும் மிதக்கின்றன. இடையிடையே முற்றத்தில் துணி துவைக்கும் பெண்கள் கூடி அமர்ந்து அந்த வீட்டைப் பற்றிப் புறம் பேசுகிறார்கள். அந்த ஆண்டு தெஹ்ரான் திரைப்பட விழாவில் திரையிட்டபோது சுருள்கள் வரிசை மாறி ஓடியதாகச் சொல்லப்படுகிறது. விமர்சகர்கள் அதை ஒதுக்கினார்கள், படம் திரையரங்குக்கு வரவில்லை, 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு தடைசெய்யப்பட்டது. தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2014இல் இயக்குநரின் மகன் தெஹ்ரானில் ஒரு பழம்பொருள் கடையில் அதன் நெகட்டிவ் பெட்டிகளைக் கண்டெடுத்தார். அவை பாரிசுக்குப் போய், 2020இல் புதுப்பிக்கப்பட்ட பிரதியாக வெளிவந்தன.

அதைப் புதுப்பித்தவர்கள் யார் என்று பார்த்தேன். அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்சேசி 2007இல் தொடங்கிய உலக சினிமாத் திட்டமும், இத்தாலியின் பொலோன்யா நகரத் திரைப்படக் காப்பகமும் சேர்ந்து செய்த வேலை அது. அவர்கள் வேறு எவற்றைக் காப்பாற்றினார்கள் என்று தேடியபோது, லுத்ஃபி அகாத் துருக்கியில் 1966இல் எடுத்த ‘எல்லையின் சட்டம்’ கிடைத்தது. சிரியா எல்லையோரத்தில் கண்ணிவெடிகளுக்கு நடுவே ஆடு கடத்துகிறவர்களின் கதை அது. எழுதி நடித்தவர் யில்மாஸ் கூனே. 1980ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிக்குப் பின் இந்தப் படத்தின் பிரதிகள் அழிக்கப்பட்டன; ஒரேயொரு பிரதி மட்டும் தப்பியது. இன்று நாம் பார்ப்பது அந்த ஒன்றிலிருந்து உருவானதுதான். கீறல்கள் இன்னமும் இருக்கின்றன. மழை பெய்வதுபோல் படம் முழுவதும் கோடுகள் ஓடுகின்றன, ஆனால் சிறிது நேரத்தில் கண் அவற்றை மறந்துவிடுகிறது.

இந்த வழியில் வேறு யாரேனும் போயிருக்கிறீர்களா?

ஐயம் எழுதியது:

நீங்கள் சொல்லும் கதைகள் சுவையானவை, மறுக்கவில்லை. ஆனால் தொலைந்துபோய்க் கிடைத்தது என்பதாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. கண்டெடுத்த கதையின் கவர்ச்சியில் படத்தின் குறைகளை நாம் மன்னித்துவிடுகிறோம் என்பது என் முதல் மறுப்பு.

இரண்டாவது மறுப்பு இதைவிடப் பெரியது. எந்தப் படம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை முடிவுசெய்வது யார்? நியூயார்க்கிலும் பாரிசிலும் பொலோன்யாவிலும் இருக்கிறவர்கள் தேர்ந்தெடுத்த வரிசையைத்தானே நீங்கள் பின்பற்றுகிறீர்கள்? பட்டியலை வேண்டாம் என்று தள்ளிவிட்டு இன்னொரு பட்டியலுக்குள் போய் அமர்ந்திருக்கிறீர்கள். ஆப்பிரிக்கப் படங்களைப் பாருங்கள். செனகலும் மாலியும் விடுதலை பெற்ற காலத்தில் அங்கே எடுக்கப்பட்ட பல படங்களுக்குப் பணம் கொடுத்ததும் உரிமையை வாங்கியதும் பிரெஞ்சு அரசின் வெளிநாட்டு ஒத்துழைப்பு அமைச்சகம். நெகட்டிவ் கழுவப்பட்டதும் வைக்கப்பட்டதும் பிரான்சில். சொந்த மண்ணில் பிரதி இல்லாத நிலையை உண்டாக்கியவர்களே பிறகு அதைக் கண்டெடுத்ததாகவும் பெருமை கொள்ளும்போது, கைதட்டுவதற்கு முன் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

பழைய ஆபரேட்டர் எழுதியது:

ஐயா, பெரிய விவாதத்துக்குள் நான் வரவில்லை. சுருள் வரிசை மாறியது பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

35 மில்லிமீட்டர் பிலிமில் 2000 அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். இரண்டு புரொஜக்டர்களில் மாற்றி மாற்றி ஓட்டுவோம். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி கண்சிமிட்டும். அதைப் பார்த்து அடுத்த மெஷினைத் தொடங்குவோம். எங்கள் ஊரில் ஒரே பெட்டியை இரண்டு கொட்டகைகளுக்கு வைத்துக்கொண்டு, ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கொடுத்தனுப்புவது உண்டு. அப்படி ஒரு நாள் அவசரத்தில் நான்காவது ரீலுக்குப் பதிலாக ஆறாவதை ஏற்றிவிட்டேன். கதாநாயகியின் தகப்பனார் செத்து, கொள்ளி வைத்து, அழுது முடித்த பிறகு, மீண்டும் எழுந்து வந்து மகளுக்கு வரன் தேடினார். கொட்டகையில் எழுந்த கூச்சலை இன்று நினைத்தாலும் வியர்க்கிறது.

எங்களுடையது எல்லோருக்கும் தெரிந்த மாதிரிக் கதை என்பதால் அடுத்த காட்சியில் சரியாகிவிட்டது. பாதி இருட்டில், குறைந்த பேச்சில் நகரும் அந்த ஈரானியப் படத்துக்கு அப்படி நேர்ந்திருந்தால், பார்த்தவர்கள் இயக்குநருக்குத்தான் படம் எடுக்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள். ஆபரேட்டர் செய்த தப்பு என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

மூன்றாம்வரிசை எழுதியது:

ஐயம் அவர்களின் இரண்டாவது மறுப்பை ஏற்கிறேன். 2017இல் ஆப்பிரிக்கத் திரைப்பட இயக்குநர்களின் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் ஸ்கோர்சேசியின் அமைப்போடு சேர்ந்து, ஐம்பது ஆப்பிரிக்கப் படங்களைத் தேடிக் காப்பதற்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கின. தேர்வில் அந்தக் கண்டத்தவர்களின் குரல் வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அது போதுமா என்றால், போதாது. ஆயினும் அதன் வழியாக வந்த முதல் படங்களுள் ஒன்றான ‘சொலேய் ஓ’வை நீங்கள் பார்க்க வேண்டும், ஏனெனில் நீங்கள் எழுப்பும் கேள்வியையே அது 1970இல் எழுப்பிவிட்டது. மொரித்தானியாவில் பிறந்த மெத் ஹோந்தோ பிரான்சுக்குப் போய் சமையல்காரராகவும் துறைமுகக் கூலியாகவும் வேலை செய்து, பிறகு நடிகரானவர். கையில் பணமில்லாமல், ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த படம் இது. நன்கு படித்த ஓர் ஆப்பிரிக்க இளைஞன் பாரிசில் வேலை தேடி அலைகிறான். நாடகமும் பாட்டும் ஏளனமும் கலந்து படம் அவனைப் பின்தொடர்கிறது. கடைசியில் அது காட்டுக்குள் எழும் ஓர் அலறலாக மாறுகிறது. பிற்காலத்தில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் எடி மர்ஃபியின் படங்களுக்குப் பிரெஞ்சில் டப்பிங் குரல் கொடுத்தவர் இதே ஹோந்தோதான். பிரெஞ்சுக்காரர்கள் பல்லாண்டுகள் சிரித்துக்கொண்டே கேட்ட குரலின் சொந்தக்காரர் எடுத்த படத்தை அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

முதல் மறுப்பை மட்டும் ஏற்க இயலவில்லை. செனகல் இயக்குநர் ஜிப்ரில் ஜோப் மம்பெத்தியின் ‘டூக்கி பூக்கி’யை (1973) அதன் வரலாறு எதுவும் தெரியாமல்தான் பார்த்தேன். டக்கார் நகரத்துக் காதலர் இருவர், மாட்டுக்கொம்பு கட்டிய மோட்டார் சைக்கிளில், எப்படியாவது பாரிசுக்குப் போய்விட வேண்டும் என்று திருடித் திரிகிறார்கள். பின்னணியில் பாடகி ஜோசஃபின் பேக்கர் ‘பாரிஸ், பாரிஸ்’ என்று பாடுவது ஊசியில் சிக்கிய இசைத்தட்டுபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மம்பெத்தி முழுநீளப் படம் எதையும் எடுக்கவில்லை. 1992இல் வந்த ‘ஹியேன்’ இரண்டாவது, அதுவே கடைசி. இந்த இடைவெளி எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெரிந்ததால் படம் மேலும் நல்லதாகிவிடவில்லை. ஆனால் தெரிந்திராவிட்டால் ‘ஹியேன்’ படத்தைத் தேடிப் போயிருக்க மாட்டேன்.

கூடல் வாசகி எழுதியது:

உங்கள் கேள்வியைச் சற்றே திருப்பி நான் வேறொரு தொகுதியைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு நின்றுபோனவர்கள். விழாக்களும் நூல்களும் ஒருவரின் படவரிசையை முன்வைத்தே பேசுவதால், வரிசை இல்லாதவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

ஈரானியப் பெண் கவிஞர் ஃபுரூக் ஃபரோக்சாத் தப்ரீசுக்கு அருகே உள்ள தொழுநோயாளர் குடியிருப்பில் எடுத்த ‘வீடு இருண்டிருக்கிறது’ என்ற ஆவணப்படம் வெறும் 22 நிமிடம். மறைநூல் வரிகளையும் தம் கவிதையையும் அவரே வாசிக்கிறார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும் பெண், நன்றி சொல்லிப் பாடம் படிக்கும் சிறுவர், சுவரைத் தொட்டபடி முன்னும் பின்னும் நடக்கும் மனிதர் என்று ஒவ்வொன்றும் ஒரு வரிபோல வந்து போகிறது. இரக்கத்தைக் கேட்டு வாங்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. அவர் 1967இல் கார் விபத்தில் இறந்தபோது வயது 32.

எகிப்தில் ஷாதி அப்துல் சலாம் 1969இல் எடுத்த ‘அல் மூமியா’ முழுநீளப் படங்களில் அவருடைய ஒரே படம். 1881இல் லக்சர் அருகே மலைக்குள் ஒளிந்திருந்த அரச மம்மிகளை ஒரு குலத்தார் இரகசியமாக விற்றுப் பிழைத்துவந்த செய்தியை வைத்துக் கதை பின்னியிருக்கிறார். பாத்திரங்கள் எகிப்தின் பேச்சு வழக்கில் பேசுவதில்லை. செவ்வியல் அரபியில் பேசுகிறார்கள். சங்கத் தமிழில் பேசும் ஒரு கிராமத்தை நாம் திரையில் கண்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். முதல் பத்து நிமிடம் செயற்கையாகத் தோன்றும், பிறகு அதுவே படத்தின் காற்றாகிவிடும். அக்நாத்தன் மன்னனைப் பற்றிய அடுத்த படத்துக்காக வரைந்துகொண்டே இருந்தார். எடுக்காமலேயே 1986இல் மறைந்தார்.

பிரேசிலின் மாரியோ பெய்ஷோத்தோவைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. இருபத்திரண்டு வயது இளைஞராக அவர் எடுத்த ‘லிமிச்சி’ (எல்லை) என்ற மௌனப்படம் 1931இல் ரியோ நகரில் ஒரு திரைப்படச் சங்கத்தில் காட்டப்பட்டது. நடுக்கடலில் ஒரு படகு, அதில் மூன்று பேர், அவர்களின் நினைவுகள். திரையரங்குக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. 1950களின் இறுதிக்குள் இருந்த ஒரே நைட்ரேட் பிரதி மட்கத் தொடங்கிவிட, ஆர்வலர் இருவர் பல ஆண்டுகள் உழைத்து அதைக் காப்பாற்றினார்கள். ஒரு பகுதி மீளவே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், புகழ்பெற்ற சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் இந்தப் படத்தைப் புகழ்ந்து எழுதியதாக நெடுங்காலம் சுற்றிவந்த கட்டுரையை எழுதியவர் பெய்ஷோத்தோவேதான். ஐயம் அவர்கள் கண்டெடுப்புக் கதைகளின் மீது கொள்ளும் ஐயத்துக்கு இது நல்ல சான்று. ஆயினும் படம் அந்தப் பொய்க் கட்டுரை சொன்ன அளவுக்குச் சிறந்ததாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வடமராட்சி எழுதியது:

நீங்கள் எல்லோரும் தொலைதேசங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தமிழிலேயே எடுக்கப்பட்டும் தமிழர்களில் பெரும்பாலோர் பாராத ஒரு படத்தை இந்த வரிசையில் வைக்க விரும்புகிறேன். சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் 1977இல் எடுத்த ‘பொன்மணி’. காவலூர் ராஜதுரையின் எழுத்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் அந்த ஊரைப் பத்திராஜ உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார். சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்துப் பெண் பிள்ளைகளை எப்படி வீட்டுக்குள்ளேயே முதுமை எய்தச் செய்கின்றன என்பதை உரத்த வசனம் எதுவுமின்றிக் காட்டினார். கிணற்றடியும் பனைவெளியும் கோயில் வீதியும் அலங்காரமில்லாமல் அப்படியே இருக்கின்றன.

படமாளிகைகளில் அது ஓடவில்லை. யாரும் தடைசெய்யவில்லை, சுருள்கள் வரிசை மாறவும் இல்லை. தென்னிந்தியப் படங்களைப் பார்த்துப் பழகிய எங்கள் சனம் பாட்டும் சண்டையும் எங்கே என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள் என்பதுதான் உண்மை. எனவே ‘இந்தப் படம் எங்கே இருந்தது’ என்ற கேள்விக்குச் சில நேரம் ‘எங்கள் கண் முன்னேதான் இருந்தது’ என்பதும் விடையாகலாம். அதை மறைத்தவர்கள் என்று சுட்டுவதற்கு வேறு யாரும் கிடையாது.

புதுவரவு எழுதியது:

எல்லாவற்றையும் ஆர்வத்தோடு படித்தேன். இரண்டு கேள்விகள். இவற்றை நேர்மையான வழியில் எங்கே பார்ப்பது? அடுத்தது, வெட்கத்தோடு கேட்கிறேன், இத்தகைய படங்களில் பாதியை நான் தூங்கிக் கழித்துவிடுகிறேன். அதற்கு ஏதேனும் வழி உண்டா?

மூன்றாம்வரிசை எழுதியது:

தூக்கத்துக்கு வெட்கப்பட வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்காதீர்கள், கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள்; இதற்கு மேல் எனக்குத் தெரிந்த வைத்தியம் இல்லை.

பார்ப்பதற்கு எளிய தொடக்கம், கொரியத் திரைப்படக் காப்பகம் யூடியூபில் நடத்தும் பழைய படங்களின் அலைவரிசை. கட்டணம் இல்லை, ஆங்கிலத் துணைத்தலைப்பு உண்டு. கிம் கீ-யங்கின் ‘ஹன்யோ’ (வேலைக்காரி, 1960) அங்கே இருக்கிறது. ‘பாரசைட்’ படத்தின் மாடிப்படிகள் நினைவிருக்கும் அல்லவா? அதன் இயக்குநர் போங் ஜூன்-ஹோ அந்தப் படிகளுக்காகத் தாம் கடன்பட்டிருப்பதாகச் சொன்னது இந்தப் படத்துக்குத்தான். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1982இல் கிடைத்த நெகட்டிவில் இரண்டு ரீல்கள் இல்லை. 1990இல் அந்தப் பகுதிகளைக் கொண்ட ஒரு திரையரங்குப் பிரதி கிடைத்தது, ஆனால் அதன்மேல் ஆங்கிலத் துணைத்தலைப்பைக் கையாலேயே எழுதியிருந்தார்கள். அந்த எழுத்தைச் சட்டகம் சட்டகமாக அகற்றி, 2008இல்தான் முழுப்படத்தையும் மீட்டார்கள்.

புதிய படங்களுக்குப் பெரிய விழாக்களின் பரிசுப் பட்டியலைவிட, பிரான்சின் நான்த் நகரில் 1979 முதல் நடக்கும் மூன்று கண்டங்களின் விழாவையும், நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் டைகர் பரிசுக்கான போட்டிப் பிரிவையும் கவனியுங்கள். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாமில்தான் அந்தப் பரிசைப் பெற்றது. நேரில் பார்க்க விரும்பினால் டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் திரைப்பட விழாவுக்குப் போய்வாருங்கள். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இரவு வண்டி ஏறுகிறவர்களை அங்கே நிறையக் காணலாம்.

இன்னொரு வழியும் உண்டு. இயக்குநரை விட்டுவிட்டு ஒளிப்பதிவாளரின் பின்னால் போய்ப் பாருங்கள். சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவைத் தொடர்ந்து போனபோது, டாங் ஷூ-ஷூயன் என்ற பெண் இயக்குநர் 1960களின் இறுதியில் எடுத்த ஹாங்காங் படமான ‘வளைவு’ எனக்குக் கிடைத்தது. பழைய சீனக் கிராமத்தில், கற்புக்காக அரசன் நினைவு வளைவு கட்டித் தரப்போகும் ஒரு விதவை காதல்வயப்படும் கதை. ராயின் ‘சாருலதா’வில் கண்ட அதே மென்மையான வெளிச்சம் அந்த வீட்டுச் சாளரங்களிலும் விழுகிறது.

ஐயம் எழுதியது:

விடாப்பிடியாக மறுத்துக்கொண்டிருக்காமல் உங்கள் முறையை ஒரு முறை சோதித்துப் பார்த்தேன். சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ என்ற அமெரிக்கப் படம். லாஸ் ஏஞ்சல்சில் கறுப்பின மக்கள் வாழும் வாட்ஸ் பகுதி, ஆட்டுத்தொட்டியில் வேலை செய்யும் ஒருவர், உறக்கமில்லாத அவருடைய இரவுகள். பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காக 16 மில்லிமீட்டரில், 10,000 டாலருக்கும் குறைவான செலவில் எடுத்து 1977இல் சமர்ப்பித்தார். 1990இலேயே அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியப் படத் தொகுப்பில் அது இடம்பெற்றுவிட்டது. ஆனால் திரையரங்குக்கு வந்தது 2007இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் எங்கே இருந்தது என்று உங்களைப்போலவே விசாரித்தேன். பின்னணியில் அவர் பயன்படுத்திய பாடல்களுக்கு உரிமை வாங்கவில்லையாம். படத்தின் செலவைப்போலப் பதினைந்து மடங்கு, அதாவது ஏறத்தாழ 1,50,000 டாலர் அந்தப் பாடல்களுக்காகவே பிறகு செலுத்த வேண்டியிருந்தது.

கணவனும் மனைவியும் மேற்சட்டையில்லாத அவனுடைய முதுகில் அவள் கை ஊர, டைனா வாஷிங்டனின் பாட்டுக்கு மெல்ல ஆடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் அவன் விலகிப் போய்விடுகிறான். அவள் சாளரத்தருகே நிற்கிறாள். அந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தால் படம் முன்னரே வெளிவந்திருக்கும், அந்தக் காட்சி செத்திருக்கும். காத்திருந்ததற்கான காரணமும் படத்தின் உயிரும் ஒன்றாக இருந்த இந்த இடத்தில் உங்கள் முறை எனக்குப் பொருள்பட்டது. மற்ற இடங்களில் என் ஐயம் அப்படியேதான் இருக்கிறது; வடமராட்சி அவர்கள் சொன்னதற்கு உங்களில் ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

மூன்றாம்வரிசை எழுதியது:

சொல்ல என்னிடம் பதில் இல்லை. ‘பொன்மணி’யை நான் பார்த்ததில்லை, அதைத் தேடவும் இல்லை, ஈரானுக்கும் துருக்கிக்கும் போனவன் பாக்கு நீரிணையைத் தாண்டவில்லை. நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று வடமராட்சி அவர்கள் தனிமடலில் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

பழைய ஆபரேட்டர் எழுதியது:

அந்தக் கொரியப் படத்தை நேற்று மகளின் கணினியில் பார்த்தேன். துணைத்தலைப்பை அவள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எலிப்பாஷாணம், மாடிப்படி, பியானோ என்று எதுவும் விட்டுப்போகாமல் பயமுறுத்திவிட்டார்கள்.

நடுவில் ஓரிடத்தில் திடீரென்று படம் மங்கி, வெளிச்சம் பதறுவதுபோல் ஆயிற்று. நீங்கள் எழுதியிருந்தது அப்போது நினைவிலேயே இல்லை. ‘ரீல் வேற பிரிண்ட்டும்மா இது’ என்று உரக்கச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் வலது மேல் மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் படத்தை நிறுத்திவிட்டு, அங்கே என்னப்பா இருக்கிறது என்று கேட்டாள்.